நாயைப் பார்க்கும் வேலை

ஸ்காபரோவிலுள்ள அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு ஜிம்மி வருவது சனிக்கிழமைகளில். கூட்டிவரும் அண்ணை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இதற்குச் சம்பளம் கிடையாது. நாயும் அவர் வீட்டு நாய்தான், லாப்ரடோர் கலப்பு. ஒன்ராறியோவின் பீற்றர்பரோவில் 1992இல் செயின்ட் ஜோன் அம்புலன்ஸ் தொடங்கிய சிகிச்சை நாய்த் திட்டத்தில் இருவரும் தொண்டர்கள்.

இருவரும் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தகைய திட்டங்களின் தேர்வில் நாயின் பின்னால் உலோகத் தட்டு விழும், ஊன்றுகோல் தடதடவென்று நெருங்கும், பலர் ஒரே நேரத்தில் முரட்டுத்தனமாகத் தடவுவார்கள், தரையில் கிடக்கும் தின்பண்டத்தைத் தொடாமல் கடக்க வேண்டியிருக்கும். கயிற்றைப் பிடித்திருப்பவர் அப்போது என்ன செய்கிறார் என்பதற்கும் மதிப்பீடு உண்டு.

நான் கூடப் போன சனிக்கிழமை, முதல் அறையில் ஒரு தமிழ் அம்மா.

“கடிக்குமோ தம்பி?”

“கடிக்காதம்மா. ஆனா நீங்கள் ஓமெண்டாத்தான் கிட்ட வருவம்.”

அவர் ஓம் என்று சொல்லவில்லை. “சரியம்மா, போட்டு வாறம்” என்று அண்ணை திரும்பிவிட்டார். கெஞ்சவில்லை, “ஒருக்காத் தடவிப் பாருங்கோ” என்று ஆசை காட்டவுமில்லை. வைரவருக்கு வாகனம் என்று கும்பிட்டாலும் நாயை வளவோடு நிறுத்தி வைத்த தலைமுறை அது. விசர்நாய்க் கடிக்கு ஆட்களைப் பறிகொடுத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

அடுத்த அறையில் பக்கவாதத்தால் வலக்கை மடங்கிப்போன ஐயா. அண்ணை நாயை அந்தப் பக்கமாகவே உட்கார வைத்து, விரல்களுக்கிடையில் ஒரு சீப்பைச் செருகினார். இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த வேலையாம். பந்தைப் பிசையச் சொன்னால் மறுக்கிற ஐயா, நாயின் முதுகை இழுத்து இழுத்து வாரினார். “எங்கட வளவிலையும் ஒரு ஜிம்மி நிண்டது” என்று பேச்சு வேறு. யாழ்ப்பாணத்தில் ஜிம்மி நிற்காத ஒழுங்கை ஏது!

இதை மருந்து என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த சனிக்கிழமை அவருக்கு இந்த நாயை நினைவிருக்காது. ஆனால் கை அன்றைக்கு அசைந்தது.

நான் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அண்ணையின் கண் நாயின் மேலேயே இருந்தது. பஸ் ஓடும்போது சாரதி கண்ணாடியைப் பார்ப்பாரே, அப்படி. உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, களைப்பில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் நாய் “எனக்குப் போதும்” என்று சொல்லும் வழிகள். நோர்வே நாட்டுப் பயிற்சியாளர் துரிட் ருகாஸ் இத்தகைய சைகைகளை விரிவாக எழுதியிருக்கிறார். உறுமும் வரை காத்திருப்பவர் இந்தத் தொண்டுக்கு உதவமாட்டார்.

கூடத்தில் நாலைந்து கைகள் ஒன்றாக நீண்டன. ஜிம்மி ஒரு கொட்டாவி விட்டது. நான் சிரித்தேன்; அண்ணை கயிற்றைச் சுருட்டினார். “இன்னும் ஒரே ஒரு அறை” என்று தாதி கேட்டார். அங்கே ஒருவர் காலையிலிருந்து காத்திருக்கிறாராம். எனக்கு மனம் இளகியது. அண்ணைக்கு இளகவில்லை. சுகாதாரத் துறையினருக்கென அமெரிக்காவில் 2015இல் வந்த வழிகாட்டல் ஒரு வருகைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. அண்ணையின் கணக்கு அதற்கும் முன்பே முடிந்துவிடும். “அடுத்தமுறை அவரிட்டைத்தான் முதல் போவம்” என்று அறை எண்ணைக் குறித்துக்கொண்டார்.

கதவருகே எல்லோரும் மறுபடி கை கழுவினோம். நாயைத் தொட முன்னும் தொட்ட பின்னும் கழுவ வேண்டும் என்பது விட்டுக்கொடுக்காத விதி. பச்சை இறைச்சி தின்னும் நாய்களைப் பல திட்டங்கள் சேர்ப்பதேயில்லை. கிருமி நோயாளருக்குப் போய்விடும்.

வெளியே வந்ததும் ஜிம்மி தலையிலிருந்து வால்வரை ஒருமுறை உதறியது. இறுக்கம் போகிறது, நல்லது என்றார் அண்ணை.

“வீட்டை போய் என்ன செய்வான்?”

“நித்திரைதான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பந்தைக் காட்டினாலும் எழும்பான்.”