கல்லூரியும் கம்பியில்லா வலையும்

எமது கல்லூரியின் ஜுபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கேட்கப்பட்டவன் தமிழாசிரியன் ஆதலின், பழந்தமிழர் விருந்தோம்பலைப் பற்றியோ கம்பனின் உவமைகளைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அப்பொருள்களை எழுத வல்ல பெரியோர் பலர் உளர். யான் எழுதப் புகுவது, கடந்த நான்கு ஆண்டுகளாக என் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை உண்டுவரும் வேறொரு பொருளைப் பற்றி. பழைய மாணவரின் நன்கொடையாலே கல்லூரியில் அமைந்திருக்கும் கம்பியில்லா வலை, வைபை என்று யாவரும் வழங்குவது, அதுவே அப்பொருள்.

ஆசிரிய கலாசாலையிலே யான் பெற்ற சான்றிதழில் இவ்வித்தைக்கு இடமில்லை. வலைக்குரிய கருவிகள் பூட்டப்பட்டிருந்த அலுமாரியின் திறப்பு, விடுதிப் பொறுப்பாசிரியன் என்ற முறையில் என்னிடம் இருந்தது. திறப்பு எவர் கையிலோ பொறுப்பும் அவர் தலையில் என்பது நமது பாடசாலைகளின் எழுதாச் சட்டம் அன்றோ. எனினும் இப்பொறுப்பை யான் விரும்பியே ஏற்றேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது யான் கைக்குழந்தை. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் வெளியிட்ட பழைய பதிப்புக்களைப் பெயரளவிற் கேட்டு வளர்ந்தவர்கள் எம் தலைமுறையினர். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் வழியாக அத்தகைய பழைய ஏடுகளின் பக்கங்களை இன்று உயர்தர வகுப்பு மாணாக்கர் தம் மேசையிலிருந்தே காணலாம். ஆனால், அப்பக்கங்கள் படங்களாக வருவன, பாரம் மிக்கவை. முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு நூலைத் திறக்கும்போது, முன் வாங்கிலிருப்பவனுக்குப் பக்கம் வந்துவிடும். கடைசி வாங்கிலிருப்பவன் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மணி அடித்துவிடும். இந்நிலையே இரண்டு தவணைகள் நீடித்தது.

வலையை அமைத்த நிறுவனத்தார் அக்சஸ் பொயின்ற் எனப்படும் ஒன்பது பெட்டிகளை விறாந்தைகளின் கூரையிலே வரிசையாகப் பொருத்திச் சென்றனர். பார்வைக்கு அது மிக அழகாக இருந்தது. வகுப்பறைகளிலே சிக்னல் நலிந்திருப்பதாக யாம் எழுதியபோது, கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் அன்போடு அளித்த மறுமொழி ஒன்றே: “இன்னும் வலிமை கூடிய பெட்டிகளை அனுப்புகிறோம்.” அவ்வன்பிற்கு எம் நன்றி என்றும் உரியது. அம்மருந்து ஏன் நோயை வளர்க்கும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

இலங்கையிலே வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரிலே கொழும்பில் ஆரம்பமாயிற்று. கமுகுக்கும் தென்னைக்கும் இடையே ஏரியல் கம்பி கட்டி வானொலி கேட்ட காலம் மூத்த பழைய மாணவர்களின் நினைவில் இருக்கும். அக்காலத்தில் ஒலி நலிந்தால் ஏரியலை உயர்த்தினோம், அல்லது நிலையத்தார் வலிமையைக் கூட்டினர். அங்கே பேசுவது ஒரு நிலையம். கேட்பது நாடு முழுவதும். வைபை அத்தகையதன்று. இங்கே பெட்டி பேசுகிறது. ஒவ்வொரு ரப்லெட்டும் கைத்தொலைபேசியும் விடை கூறுகிறது. ஒரே அலைத்தடத்திலே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசலாம். ஒலிபெருக்கியைக் காட்டிலும் வகுப்பறைக்கே இது மிக நெருங்கியது.

காற்றைப் பலர் பகிர்ந்து பேசும் இம்முறைக்கு முன்னோடி 1971ஆம் ஆண்டு ஹவாயிலே இயங்கத் தொடங்கிய அலோகாநெற் என்னும் வலை. நோர்மன் ஏப்ரம்சன் என்பாரின் தலைமையில், தீவுகளிலிருந்த கணினிகளை வானொலி அலைகளால் இணைத்தனர். பேச வேண்டியதை எவரும் நினைத்த நேரத்திற் பேசலாம். இரண்டு பேச்சுக்கள் மோதிச் சிதைந்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும் பேசவேண்டும். கேட்க எளிய ஏற்பாடே. ஆனால், இப்படிப் பேசினால், எவ்வளவு முயன்றாலும் நேரத்தில் 18 விழுக்காட்டுக்கு மேற் பயன்படாது என்பது கணக்கினால் நிறுவப்பட்டது. எஞ்சிய நேரம் மோதலிலும் மௌனத்திலும் கழியும். ஆசிரியர் இல்லாத வகுப்பைக் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆதலின், 1997ஆம் ஆண்டு வெளியான 802.11 என்னும் வைபை நியமம், பேசுமுன் கேள் என்னும் விதியை வைத்தது. தடத்திலே எவரேனும் பேசினால் ஏனையோர் காத்திருப்பர்.

இவ்விதி நல்லது. ஆனால், அதன் பயனாகவே, ஒரே தடத்திலே ஒன்றையொன்று கேட்கும் பெட்டிகள் எத்தனை இருந்தாலும் அவையெல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியே. எம் விறாந்தைகளிலே நிகழ்ந்தது அதுதான். நீண்ட விறாந்தையிலே தடையேதுமின்றி ஒரு பெட்டியின் குரல் மூன்றாம் பெட்டிவரை சென்றது. ஒன்று பேச மற்றவை வாளாவிருந்தன. வகுப்பறைக்குள்ளோ, ஒன்றரை அடிச் சுண்ணக்கற் சுவரைக் கடந்து, இரும்பு அலுமாரியையும் தாண்டி, சோர்ந்த குரலே வந்து சேர்ந்தது.

வலிமையைக் கூட்டினால் என்ன நிகழும்? கோயில் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். அறிவிப்பாளர் சொல்வது மூன்றாம் வீதிக்கும் கேட்கும். மூன்றாம் வீதியில் நிற்பவர் “எப்போது அன்னதானம்?” என்று கேட்டால் அவர் குரல் அறிவிப்பாளருக்கு எட்டாது. சிறிய மின்கலத்தில் இயங்கும் ரப்லெட்டின் குரல், சுவர்மின்சாரத்தில் இயங்கும் பெட்டியின் குரலைவிடப் பெரும்பாலும் மெலிந்தது. பெட்டியின் வலிமையைக் கூட்டும்போது திரையிலே சிக்னற் கோடுகள் நிறைந்து காணப்படும். பாடம் மட்டும் வராது. பிள்ளைகள் இதனைப் “பொய்க் கோடு” என்று பெயரிட்டிருந்தனர். நல்ல சொல்லாட்சி.

நாம் செய்தது இதற்கு மாறானது. ஆறு பெட்டிகளை விறாந்தையிலிருந்து கழற்றி வகுப்பறைகளுக்குள்ளே வைத்து, அவற்றின் வலிமையைக் குறைத்தோம். அதுவரை பகையாக இருந்த சுண்ணக்கற் சுவர் அன்று முதல் நட்பாயிற்று. ஓர் அறையின் பேச்சு அடுத்த அறைக்குப் போகாதவாறு அது காத்தது. அளந்து பார்ப்பதற்குக் கைத்தொலைபேசியிலே செயலிகள் உள. அவை மைனஸ் எண்ணாகவே காட்டும். சுழியத்தை அணுக அணுகச் சிக்னல் வலிது. 3 குறைந்தால் வலிமை பாதியாகும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெட்டியேனும் மைனஸ் 67க்குக் குறையாமற் கேட்கவேண்டும். அதே தடத்திலுள்ள வேறொரு பெட்டி மைனஸ் 85க்கு மேற் கேட்கலாகாது. இதுவே நாம் வைத்துக்கொண்ட அளவு. இவ்விரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெற்று மண்டபத்திலே அளந்த அளவு பிள்ளைகள் நிறைந்தபின் நில்லாது என்பதையும் குறிப்பிடவேண்டும். மனித உடல் பெரும்பாலும் நீர், நீர் இவ்வலைகளை விழுங்கும். ஆகவே காலைப் பிரார்த்தனையின்போதும் ஒருமுறை அளந்தோம். தேவாரம் ஓதும் வேளையிலே கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உலாவிய ஆசிரியனைக் கண்டு சில பெற்றோர் முகம் சுளித்திருப்பர்.

அடுத்தது இடையூறு. வைபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் அலைப்பரப்பிலே பல நாடுகளிற் பதின்மூன்று தடங்கள் உள. எண்ணிக்கையைக் கண்டு ஏமாறலாகாது. அவை ஒன்றன்மேலொன்று கவிந்தவை. 1, 6, 11 என்னும் மூன்றையே ஒன்றுக்கொன்று மோதாமற் பயன்படுத்தலாம். எம் பெட்டிகள் ஒன்பதும் தம் மனம்போல் தடம் தெரிந்துகொண்டிருந்தன. அவற்றை அயல்பெட்டிகள் ஒரே தடத்தில் வாராதபடி வரைபடம் கீறி ஒழுங்குபடுத்தினோம். ஆயினும் இடைவேளை தோறும் மேற்குக் கட்டடத்திலே வலை தளர்ந்தது. சிற்றுண்டிச்சாலையின் மைக்கிரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹேட்ஸ் அளவிலே இயங்குவது. வீட்டு அடுப்புக்கள் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழப் பாதி நேரமே அலையை வெளிவிடும் என்பதால் வலை முற்றாக அறுவதில்லை, நோயாளியைப்போல் இழுத்துக்கொண்டிருக்கும். அடுப்பை மற்றைச் சுவரோரம் மாற்றியதும் மேற்குக் கட்டடம் தேறியது. ஆசிரியர் அறையின் அச்சுப்பொறி தனக்கென ஒரு வைபைப் பெயரை இரவுபகலாக அறிவித்துக்கொண்டிருந்தது, அதையும் அடக்கினோம். 5 கிகாஹேட்ஸ் அலைப்பரப்பிலே தடங்கள் மிகுதி, நெருக்கடி குறைவு. புதிய கருவிகளையெல்லாம் அங்கே அனுப்பினோம். நன்கொடையாக வந்த ரப்லெட்களிற் பழையவை அங்கே செல்ல அறியாதவை. அவையே கடைசி வாங்குகளுக்குப் போயின.

அக்கடைசி வாங்கே இவ்வலைக்கு அளவுகோலாக இருத்தல்வேண்டும் என்பது என் துணிபு. அதிபரின் புதிய கைத்தொலைபேசியில் எல்லாம் விரைவாக வருகிறது என்பது சான்றாகாது. 1,500 பைட் அளவுள்ள ஒரு பொதியை வினாடிக்கு 54 மெகாபிட் வேகத்திற் பேசும் கருவி கால் மில்லிவினாடிக்குள் சொல்லிவிடும். சிக்னல் நலிந்து 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிய கருவி அதே பொதியைச் சொல்ல 12 மில்லிவினாடி எடுக்கும். அதுவரை ஏனைய அனைவரும் காத்திருக்கவேண்டும். கடைசி வாங்கிலிருப்பவனின் இடர் அவனோடு நிற்பதன்று. முழு வகுப்பும் அவனுடைய வேகத்துக்கு இறங்கும். அவனருகே பெட்டியைக் கொண்டுபோவது அவனுக்கு மட்டும் செய்யும் உதவியன்று. பெட்டிகள் தம் பெயரை வினாடிக்குப் பத்துமுறை அறிவிப்பதும் இத்தகைய மெல்லிய வேகத்திலேயே. மாணாக்கர், ஆசிரியர், விருந்தினர், அலுவலகம் என்று நான்கு பெயர்களை ஒரு பெட்டி அறிவித்தால், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரம் பெயர் சொல்வதிலேயே கழியும். நான்கை இரண்டாக்கினோம். விருந்தினர் பொறுத்தருள்க.

இனி, இடம் மாறும் சிக்கல். இதனை ஆங்கிலத்திலே ரோமிங் என்பர். உலாவல் என்று தமிழ்ப்படுத்துவர். எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. உலாவுவது ஆள், நிகழ்வதோ ஒரு பெட்டியிடமிருந்து மற்றொரு பெட்டிக்குக் கைமாறுதல். உப அதிபர் அலுவலகத்திலிருந்து பேசிக்கொண்டே மண்டபத்துக்கு நடந்தால், தலைக்குமேல் ஒரு பெட்டி இருக்கவும், அவருடைய கைத்தொலைபேசி அலுவலகப் பெட்டியையே பற்றிக்கொண்டு நிற்கும், பேச்சு அறும். குற்றம் பெட்டிகளினது என்று எல்லோரும் நினைப்பர். எப்போது கைவிடுவது என்று முடிவுசெய்வது பெட்டியன்று, கைத்தொலைபேசியே. முதல் நாள் முதலாம் வகுப்பிலே அன்னையின் சேலைத் தலைப்பை விடாத பிள்ளையை நினைவுகூர்க. வலிமையைக் குறைத்தது இங்கேயும் உதவிற்று. 1, 2, 5.5, 11 மெகாபிட் என்னும் பழைய வேகங்களை நிறுத்தி, 12 இலிருந்து தொடங்கும்படி செய்தோம். தொலைவிலுள்ள பெட்டியோடு முணுமுணுத்துக்கொண்டிருக்க வழியில்லாதபோது கருவி தானே அருகிலுள்ளதை நாடுகிறது. பெட்டிகளை அறைக்குள் வைத்த பின்னரே இதனைச் செய்யலாம். முன்னர்ச் செய்தால் மூலையிலுள்ளோர் வலையை முற்றாக இழப்பர்.

கைமாறுதலை எளிதாக்க மூன்று துணைநியமங்கள் உள. 2008ஆம் ஆண்டின் கே என்பது அயற்பெட்டிகளின் பட்டியலைக் கருவிக்குக் கொடுக்கும்; 2011ஆம் ஆண்டின் வீ என்பது “அங்கே செல்க” என்று பரிந்துரைக்கும்; 2008ஆம் ஆண்டின் ஆர் என்பது புதிய பெட்டியிலே முழு விசாரணையின்றி விரைவாக நுழையவிடும். பெரிய மருத்துவமனைகள் போல, ஒவ்வொருவரையும் நடுச் சேவையகத்திலே விசாரித்து உள்ளே விடும் இடங்களிலே ஆர் பெரிதும் வேண்டப்படும். எம் வலையிலே ஆர் என்பதை இயக்கியபோது பழைய ரப்லெட்கள் சில உள்ளே வரவே மறுத்தன. உப அதிபரின் பேச்சுத் தடையின்றிச் செல்வதா, கடைசி வாங்குக்குப் பக்கம் வருவதா என்ற வினா எழுந்தது. ஆர் என்பதை நிறுத்திவைத்தோம். உப அதிபர் அதனைப் பெருந்தன்மையோடு ஏற்று, இப்போது நின்றபடியே பேசுகிறார்.

சென்ற தவணை முதல் முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே பாடவேளையிலே ஒரே பக்கத்தைக் காண்கின்றனர். விஞ்ஞானகூடக் கட்டடம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அங்கே தொங்கும் பெட்டி நூலகப் பெட்டியிடமிருந்து காற்றின் வழியாகவே செய்தியைப் பெற்று, அதே தடத்திலே திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு சொல்லும் இருமுறை பேசப்படுவதால் வேகம் பாதிக்குக் குறைகிறது. இன்னொரு பெட்டி அனுப்பினால் அதுவும் மூன்றாம் முறை சொல்லும். வேண்டியது வடம். சாதாரணச் செப்பு வடம் 100 மீற்றருக்கு மேற் பயன்படாது. நூலகத்திலிருந்து விஞ்ஞானகூடத்துக்கு மரங்களைச் சுற்றிச் செல்லும் பாதை 140 மீற்றர். ஆகவே ஒளியிழை வடமே போடவேண்டும். அதற்குரிய மதிப்பீட்டைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துள்ளேன். வான்கோடு தோண்டும் வேலையை உள்ளூரிலிருக்கும் பழைய மாணவர்கள், மாரி தொடங்குமுன், ஓகஸ்ற் விடுமுறையிலே செய்துதர ஒப்புக்கொண்டுள்ளனர். மண்வெட்டிகள் விடுதியிலே இருக்கின்றன, அவ்வறையின் திறப்பும் என்னிடமே.