பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். வற்றாத ஆறு என்று பெயர் வாங்கினாலும் குட்டை ஆறுதான். மலையில் கொட்டும் மழை கரையோர ஊருக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆகாது. எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

மலையிலும் அடிவாரத்திலுமாகப் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் இருக்கின்றன. இடம் இருக்கும்வரை அணை வெள்ளத்தைத் தாங்கும். நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விட வேண்டியதுதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கரையோரம் குடியிருப்பவர்கள் மழை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. அணையில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தாண்டித் திருநெல்வேலி வந்தால் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் மூழ்கடிக்கும் என்று தெரிந்தே கட்டிய கோயில் அது. மதிலின் ஒரு முனை படகின் முன்பகுதி மாதிரி தண்ணீரைக் கிழித்து வழிவிடும். ஆறு ஏறுகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எதை முதலில் தூக்குவது, எங்கே வைப்பது என்று அங்கே முன்பே முடிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை வீட்டில் அந்த முடிவு இருக்கிறது?

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறது. அது குற்றால மலையின் தண்ணீர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியடியில் வானம் வெறித்திருந்தாலும் மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் அடித்து வந்தால், இரைச்சல் கூடினால் துணியைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அடுத்து ஸ்ரீவைகுண்டம். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் இந்த நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள் சிக்கித் தவித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். மீட்பு முடிய 19ஆம் தேதி ஆயிற்று. அத்தனை பேர் உயிரையும் காத்தது, மேற்கொண்டு போக வேண்டாம் என்று எடுத்த முடிவு. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது பைக்கை உள்ளே விடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். அரை மீட்டர் வெள்ளம் காரை மிதக்க வைத்துவிடும். தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பதே தெரியாது.

முகத்துவாரத்துக்குத் தெற்கே காயல்பட்டினத்தில், ரயில் நின்ற அந்த ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், உடைந்த குளங்களின் தண்ணீர் ஒரு பக்கம் என்று ஆற்றங்கரை ஊரான ஏரல் தீவானது. மின்சாரமும் செல்போனும் போய்விட்டதால் அதன்பின் எந்தச் செய்தியும் யாரையும் எட்டவில்லை. வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை 20 சென்டிமீட்டருக்கு மேல் என்றுதான் சொல்கிறது. 21க்கும் 95க்கும் ஒரே நிறம். நிறத்தோடு நின்றுவிடும் எச்சரிக்கை போதாது என்பதே என் கருத்து. இந்தத் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும், தங்குவதற்கு எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்று மின்சாரம் இருக்கும்போதே ஒலிபெருக்கியில் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

அதிகாரிகள் அதைச் செய்யட்டும். நீங்கள் மாவட்டப் பேரிடர் எண் 1077ஐயும் மாநில எண் 1070ஐயும் இன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். சிவப்பு என்று அறிவித்தால் பொழுது சாய்வதற்குள் பெரியவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.