காஞ்சியின் ‘பதாகை’ மகாராணி!

காஞ்சிபுரம்னு சொன்னாலே வீட்டுல இருக்கிற அம்மா, அக்கா, பெரியம்மா அத்தனை பேரும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. காந்தி ரோடு கடைகளுக்குள்ள போனா திரும்பி வர சாயங்காலம் ஆகும். அந்த கேப்ல நீங்க ஒரு ஆட்டோ பிடிச்சு, ‘கைலாசநாதர் கோயில்’னு சொல்லுங்க. ஊரோட மேற்கு ஓரம். வழியில பிள்ளையார்பாளையம் வரும். வீட்டுக்குள்ளேயிருந்து தறிச் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

கோயிலுக்குப் போனதும் எல்லாரும் நேரா உள்ளே ஓடிடுவாங்க. நீங்க ஓடாதீங்க. வாசலுக்கு முன்னாடியே குட்டிக் குட்டியா எட்டு சந்நிதிகள் வரிசையா நிக்கும். அதுல ஒண்ணைக் கட்டினது ஒரு பெண். பெயர், ரங்கபதாகை.

பல்லவ ராஜா இரண்டாம் நரசிம்மவர்மனை, அதாவது ராஜசிம்மனை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்தக் கைலாசநாதர் கோயிலைக் கட்டினவர். பெரிய புராணத்துல பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடிச்சதும், ‘நாளைக்கு உன் கோயிலுக்கு வர முடியாது, பூசலார் கோயிலுக்குப் போறேன்’னு சிவபெருமான் ஒரு ராஜா கனவுல வந்து சொன்னாரே... அந்த ராஜா இவர்தான்னு சொல்றாங்க. அந்தக் கதையில ராணிக்கு ஒரு வரிகூட வசனம் கிடையாது!

ஆனா கல்லுல இருக்கு. சந்நிதியைச் சுத்தி பல்லவ கிரந்த எழுத்துல ஒரு சம்ஸ்கிருதக் கல்வெட்டு. 1890-லேயே ஹுல்ஷ்ங்கிற ஜெர்மன் அறிஞர் அதைப் படிச்சுப் புத்தகமா போட்டுட்டார். விஷயம் இதுதான்: பிரம்மா ஆயிரக்கணக்கான அழகிகளைப் படைச்சுப் படைச்சுக் கை பழகி, கடைசியில உருப்படியா செஞ்ச மாஸ்டர்பீஸ் இந்த அம்மாவாம். சிவனுக்குப் பார்வதி மாதிரி, ‘காலகாலன்’னு பட்டம் வாங்கிய ராஜாவுக்கு இவங்களாம். பதாகைன்னா கொடி, நம்ம ஊர் பாஷையில பேனர். பெண்கள் கூட்டத்துக்கே கொடி மாதிரி இருந்தவங்கன்னு பெயரை வெச்சே ஒரு பன்ச் அடிச்சிருக்கார் அந்தக் கவிஞர். கட் அவுட் கலாசாரம் நமக்கு எப்பவோ ஆரம்பிச்சிருக்கு பாஸ்!

புகழ்ச்சி எல்லாம் சரி. எந்த ஊர்ப் பொண்ணு, யாரோட மகள், எப்போ கல்யாணம்... ம்ஹூம். ராஜசிம்மனுக்கு உள்ளே சுற்றுச்சுவர் முழுக்க 200-க்கு மேல பட்டப்பெயர்கள் வெட்டி வெச்சிருக்காங்க. ராணிக்குக் கிடைச்சது ஒரே பெயர், ஒரே குட்டிக் கோயில். ஆனா அந்த ஒரு பெயரும், ‘ராஜாவோட மனைவி’ங்கிறதோட நிக்கலை, ‘இந்தக் கோயிலைக் கட்டினவள்’னு கையெழுத்து மாதிரி நிக்குது. அதுதான் எனக்குப் பிடிச்சது.

கதை இங்கேயே முடியலை. இன்னொரு ராணியும் இருக்காங்க, எதிரி வீட்டு ராணி!

கி.பி. 740 வாக்குல கர்நாடகத்துச் சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மேல படையெடுத்து ஜெயிச்சார். நியாயமா பார்த்தா கொள்ளையடிச்சு, கொளுத்திட்டுப் போயிருக்கணும். இவர் இந்தக் கோயிலைப் பார்த்து அசந்துட்டார். கோயில் சொத்தைக் கோயிலுக்கே திருப்பிக் குடுத்துட்டு, அதை மண்டபத் தூண் ஒண்ணுல கன்னடத்துல எழுதியும் வெச்சுட்டுப் போனார். காஞ்சிபுரத்துக் கோயில் தூண்ல கன்னடக் கல்வெட்டு! உள்ளே போனதும் அந்தத் தூணைத் தேடுங்க.

அவரோட பட்டத்து ராணி லோகமகாதேவி. புருஷன் மூணு தடவை காஞ்சியை ஜெயிச்சதைக் கொண்டாட, பட்டடக்கல்ல லோகேஸ்வரம்னு பிரமாண்டமா ஒரு கோயில் எழுப்பினாங்க. அதைப் பார்த்தா நம்ம கைலாசநாதர் சாயல் அப்படியே இருக்கும். தோத்த ஊரோட அழகு, ஜெயிச்ச ஊரை ஜெயிச்சிருக்கு. எல்லோரா கைலாசநாதர் கோயிலுக்கும் இந்த வரிசைதான் முன்மாதிரின்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஆனா அங்கேயும் ராணி பெயர் நிலைக்கலை. லோகேஸ்வரம் இப்போ விருபாக்ஷர் கோயில்.

திரும்பி வர்றப்போ பிள்ளையார்பாளையத்துல கொஞ்சம் நடங்க. கோர்வைப் புடவை நெய்யறப்போ, உடல் ஒரு கலர், கரை ஒரு கலர்ங்கிறதால ஒரு ஆள் போதாது. பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளணும். தார் சுத்தறது, நூல் பிரிக்கிறதுன்னு வீட்டுப் பெண்கள் செய்யற வேலைக்குக் கணக்கே இல்லை. 2005-ல காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. புடவையில ஊர் பெயர் இருக்கும், கடை பெயர் இருக்கும். அவங்க பெயர் இருக்காது. ரங்கபதாகை அந்த விஷயத்துல கொஞ்சம் உஷார் பார்ட்டி!

சந்நிதியைப் பார்க்கக் காலையிலேயே போயிடுங்க. மணற்கல் சிற்பங்கள், தேய்ஞ்சுட்டே வருது, தொடாம பாருங்க. எழுத்து புரியாட்டியும் பரவாயில்லை, பல்லவ கிரந்தத்தோட வளைவுகள் அவ்வளவு அழகு.

ஹம்பி பக்கம் ஐ.வி. ப்ளான் போடுற கோஷ்டி, ஹெச்.ஓ.டி-கிட்ட பாதாமிக்கும் சேர்த்து ஒரு நாள் எக்ஸ்ட்ரா கேட்டு வாங்குங்க. லோகமகாதேவி கட்டின கோயில் அங்கேயிருந்து சுமார் 22 கிலோமீட்டர்தான்.