கட்டக் கூடாத கயிறு

மாமனாரை மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நம்மவர்களிடம் ஒரு சம்பிரதாயம் இருக்கிறதே, அது எவ்வளவு உயர்ந்தது என்பதை இங்கிலாந்தின் தென்கரையில், நடுத்தண்ணீரில் வைத்து நான் உணர்ந்தேன்.

பெண்ணையும் பேரனையும் பார்க்கப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையானால் படகுப் பைத்தியம். அவருடைய படகுக்கு இரண்டு உடல். நடுவே இழுத்துக் கட்டிய ஒரு துணி. அதன்மேல்தான் உட்கார வேண்டும். அதற்குக் 'காட்டமரான்' என்று பெயர். "நம்ம கட்டுமரந்தான் மாமா!" என்று ஆசை காட்டினார். பெயர் நம்முடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது; அதற்கு இரண்டு உடலும் கிடையாது, தண்ணீர் புகுந்து நிறைய உள்ளே இடமும் கிடையாது. பெயரை மட்டும் கொண்டுபோய் வேறு எதற்கோ சூட்டிவிட்டார்கள்.

ஒற்றை உடலுள்ள பெரிய பாய்ப்படகுகளின் அடியில் ஈயமோ இரும்போ கனமாக வைத்திருப்பார்கள். காற்றடித்தால் படகு சாயும். சாயச் சாயப் பாயின்மேல் காற்றின் பிடி தளரும். அடிக்கனம் இழுத்து நிமிர்த்திவிடும். இரட்டை உடலுக்கோ அகலம்தான் பலம். அது லேசில் சாயாது. பரம சாதுவாகத் தட்டையாகவே ஓடும். ஆனால் ஓர் உடல் தண்ணீரை விட்டுக் கிளம்பிவிட்டதோ, அதற்குமேல் எதிர்த்து நிற்கும் சக்தி வளர்வதில்லை, குறையத் தொடங்குகிறது. பெரிய படகு கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே உறுதியுடன் மிதக்கும்! ஆகவே பலத்த காற்று வந்து மோதினால், பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். பாய் படபடக்கும், படகு அமரும். காற்று பின்புறமிருந்து வந்தால் இந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்காதாம். அதைப் பற்றி நான் மேலே விசாரிக்கவில்லை.

அந்தக் கயிறு, பல் வைத்த இரண்டு தாடைகளுக்கு நடுவே போகிறது. அழுத்தினால் தாடை கவ்விக்கொள்ளும். மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் விட்டுவிடும்.

"எப்பவும் கையிலேயே இருக்கட்டும் மாமா. எதிலேயும் கட்டிடாதீங்க" என்றார்.

கட்டாமல் இருப்பதாவது! கன்றுக்குட்டியிலிருந்து கல்யாணம் வரையில் கட்டினால்தான் கெட்டி என்று வளர்ந்தவன் நான். கையும் வலித்தது. அவர் சுக்கானைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், கயிற்றை இரும்புக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சும் போட்டேன்.

காற்று சொல்லிக்கொண்டா வருகிறது? நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஜிவ்வென்று எழும்பியது. மாப்பிள்ளை எட்டிக் கயிற்றை வெட்டி இழுத்தார். தாடை விட்டது, என் முடிச்சு விடவில்லை. நானோ அப்போதும் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் கை மூடிக்கொள்கிறது, திறக்கமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை சுக்கானைத் திருப்பிப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே கொண்டுவந்தார். படகு தொப்பென்று உட்கார்ந்தது. கரையில் என் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கையசைத்தாள்.

முடிச்சை அவர் நிதானமாக அவிழ்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அன்றிரவு தூக்கம் பிடிக்காமல் அவருடைய அலமாரியைக் குடைந்தபோது டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் கதை அகப்பட்டது. மின்னணுக் கருவிகள் செய்தவர்; 1968இல், தனியாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியில் மூன்று உடல் படகுடன் இறங்கினார். படகு சாய்ந்தால் பாய்மரத்து உச்சியில் ஒரு பை தானே ஊதிக்கொண்டு அதைத் தாங்கும். ஒரு கணக்குப்பொறி காற்றையும் கயிறுகளின் இழுவையையும் கவனித்துப் பாயைத் தளர்த்தும். அப்படியெல்லாம் திட்டம். அக்டோபர் 31ஆம் தேதி, கெடுவின் கடைசி நாளில், கிளம்பிவிட்டார். படகெங்கும் வர்ணக் கம்பிகள் ஓடின. எல்லாம் அறைக்குள் ஓர் இருக்கைக்கு அடியில் வந்து முடிந்தன. அங்கே பொறி இல்லை, செய்யவே நேரமில்லை. அந்தப் படகோடு தென் சமுத்திரத்துக்குள் நுழைய முடியாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்த் தந்தி அனுப்பினார். 1969 ஜூலை 10ஆம் தேதி படகு ஆளின்றி அகப்பட்டது. கவிழவில்லை, நிமிர்ந்தே மிதந்தது. நான் நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார்.

சாய்வை அளந்து, எல்லை மீறினால் தானே கயிற்றை விடும் கருவிகள் இன்று பெருங்கடல் பந்தயப் படகுகளில் நிஜமாகவே இருக்கின்றன. அன்று அந்த மனிதரிடம் இருந்தவை கம்பிகள்தான். காலையில் என்னிடம் இருந்தது முடிச்சு.

அடுத்த ஞாயிறு நானாகவே படகில் ஏறினேன். மூன்று தடவை காற்று வந்தது. மூன்று தடவையும் விட்டேன். முதல் தடவை கொஞ்சம் தாமதம்தான். கயிறு ஓடின வேகத்தில் உள்ளங்கை கன்றிப்போயிற்று.

"கையிலே என்னப்பா காயம்?" என்று ராத்திரி சாதம் போடும்போது பெண் கேட்டாள்.

"கயிறு" என்றேன்.

"அதை எங்கேயாவது கட்டி வைக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை தலை நிமிராமல் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.