சோக் இறுகினால் கார் எழாது
கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் பழைய கார்களுக்குப் பாகம் கிடைத்துவிடும். அதைப் பொருத்தத் தெரிந்தவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஜனவரி மாதக் காலைகளில் கொல்கத்தாவின் வெப்பநிலை 13, 14 டிகிரிக்கு இறங்கும். காஷ்மீர்க்காரர் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மாரிஸ் மைனருக்கு இதுவே அதிகம். இரவெல்லாம் தெருவில் நின்ற வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. டாஷ்போர்டிலிருக்கும் சோக் குமிழ் இழுத்த இழுப்புக்கு வரும்; எந்த விளைவும் இருக்காது. கம்பி அறுந்திருக்கும், அல்லது அதன் மறுமுனையில் ஏதோ ஒன்று அசைய மறுத்திருக்கும். வெளியே கிளம்பலாமென்று நினைத்த உரிமையாளர் மிஸ்திரியைத் தேடிப் புறப்படுவார்.

புதிய கார் ஓட்டுபவர்களுக்குச் சோக் என்ற சொல்லே அந்நியமாகியிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. பாதி பெட்ரோல் துளிகளாகவே குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். சூடான எஞ்சினுக்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று போதும்; குளிர்ந்த எஞ்சினுக்கு இதைவிடப் பல மடங்கு செறிவான கலவை வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோலைச் சில நிமிடங்களுக்கு மட்டும் தருவதே சோக்கின் வேலை. இன்றைய கார்களில் அதைக் கணினி கவனித்துக்கொள்கிறது. பழைய கார்களில் அதை ஒரு குமிழ், ஒரு கேபிள், ஒன்றிரண்டு நெம்புகோல்கள், ஒரு ஸ்பிரிங் ஆகியவை செய்தன.

எல்லாக் கார்களிலும் இது ஒரே மாதிரி இல்லை என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு உண்டு. குமிழை இழுத்தால் அது மூடிக் காற்றை மறிக்கும். சிலவற்றில் சூட்டுக்கு விரியும் சுருள் ஒன்று இந்த வேலையைத் தானாகவே செய்யும். பிரீமியர் பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் தகடு கிடையாது. துளைகள் கொண்ட ஒரு வட்டு சுழன்று தனி வழியில் பெட்ரோலைத் திறந்துவிடும். இந்த வகையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அந்தத் தனி வழியில் உறிஞ்சும் வேகம் குறைந்து, சோக் இருந்தும் இல்லாததாகிவிடும். பிரிட்டிஷ் மாரிஸ் கார்களில் உள்ள எஸ்.யு. கார்புரேட்டரோ முற்றிலும் வேறு ஜாதி. காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்களின் தயாரிப்பு அது. அதில் சோக் எதையும் அடைப்பதில்லை. கூர்மையான ஊசியைச் சுற்றியிருக்கும் ஜெட்டைக் கீழே இழுக்கிறது, அவ்வளவுதான். ஊசியின் மெல்லிய பகுதிக்கு ஜெட் இறங்கியதும் இடைவெளி அகலமாகி, பெட்ரோல் அதிகம் வரும்.

பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது மல்லிக் பஜார். அந்தச் சாலையை லோயர் சர்குலர் ரோடு என்று பழைய பெயராலேயே சொல்பவர்கள் இன்னும் உண்டு. சற்றுத் தள்ளி, 1767-ல் திறக்கப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். சம்ஸ்கிருத அறிஞர் சர் வில்லியம் ஜோன்ஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். பஜாரில் கார்கள் வந்து சேர்கின்றன, ஆனால் அடக்கமாவதில்லை. கதவு ஒரு கடைக்கு, கியர் பெட்டி இன்னொரு கடைக்கு, கார்புரேட்டர் மூன்றாவது கடைக்கு என்று பிரிந்து, வேறு வண்டிகளில் ஏறி மறுபடி ஊர் சுற்றப் போகின்றன. காலையில் தொலைந்த வண்டியை மாலையில் இங்கே பகுதி பகுதியாகத் திரும்ப வாங்கலாம் என்பது நகரத்தின் பழைய நகைச்சுவை.

சோக் பழுது என்று வண்டி வந்தால், விவரம் தெரிந்த மிஸ்திரி முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. ஒருவரைக் குமிழை இழுக்கச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் தலையை நீட்டிப் பார்ப்பார். எஸ்.யு. என்றால் கவனிக்க வேண்டியவை மூன்று. குமிழின் முதல் இழுப்பில் ஜெட் அசையக் கூடாது. திராட்டில் மட்டும் லேசாகத் திறந்து எஞ்சின் சற்று வேகமாகச் சுழல வழி செய்ய வேண்டும். மேலும் இழுத்தால் ஜெட் இறங்க வேண்டும். குமிழை உள்ளே தள்ளியதும் ஜெட் மேலே போய் நட்டில் முட்டி நிற்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது மூன்றாவதுதான்.

ஜெட் முழுதாக மேலே திரும்பாவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் புகை கறுப்பாக வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஒரு சின்ன ஸ்பிரிங்கை அலட்சியம் செய்தவர் சில மாதங்களில் பிஸ்டன் ரிங்குகளுக்குச் செலவழிக்க நேரலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சோக் குமிழ் உள்ளே இருக்கும்போது ஜெட்டை விரலால் மேல் நோக்கித் தள்ள வேண்டும். அது நகர்ந்து எஞ்சினின் ஓட்டம் சீரானால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

காரணங்கள் சில்லறைதான். நெம்புகோலைக் கோக்கும் பின் தேய்ந்திருக்கும், அதைப் பூட்டும் ஸ்பிளிட் பின் எங்கோ விழுந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பழைய ஹெச் வகை எஸ்.யு.வில் ஜெட்டைச் சுற்றிக் கார்க் வளையங்கள் உண்டு. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அவை காய்ந்து சுருங்கி, பெட்ரோல் கசியும். புது வளையங்களை எண்ணெயில் ஊறவைத்துப் போட வேண்டும். கேபிளில் வேறு விதமான தொல்லைகள். வெளியுறையை இறுக்கும் கிளிப் கழன்றுவிட்டால், குமிழை இழுக்கும்போது உறையும் சேர்ந்து வரும், நெம்புகோல் அசையாது. கேபிளை மாற்றிப் பொருத்தும்போது, குமிழ் முழுக்க உள்ளே இருக்கையில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தொய்வு விட வேண்டும். விறைப்பாகக் கட்டினால் சோக் எப்போதும் கொஞ்சம் திறந்தே கிடக்கும்.

அவசரத்துக்குக் கட்டுக் கம்பியை முறுக்கிப் பின்னுக்குப் பதிலாகப் போடுவது நாடு முழுக்க உள்ள பழக்கம். வீடு வந்து சேர அது போதும். அங்கேயே விட்டுவிட்டால் இரும்புக் கம்பி பித்தளைத் துளையைத் தின்று, வட்டத்தை முட்டை வடிவமாக்கிவிடும். பிறகு லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி, உள்ளே புஷ் அடித்து, அளவுக்கேற்ற பின் கடைந்தாக வேண்டும்.

இந்த வித்தை கொல்கத்தாவில் வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயராலேயே ஹிந்த் மோட்டார் என்று ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. மாரிஸ் கார்களின் வடிவங்களை வாங்கி ஹிந்துஸ்தான் 10, லேண்ட்மாஸ்டர், பிறகு அம்பாசடர் என்று அங்கே தயாரித்தார்கள். ஒரே குடும்பத்துக் கார்கள் பல பத்தாண்டுகள் தெருவில் ஓடியதால், பையன்கள் மிஸ்திரிகளின் பக்கத்தில் நின்றே தொழில் கற்றார்கள். பின்னாளில் டாக்ஸிகள் டீசலுக்கு மாறின; டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டரே கிடையாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, புதிய பெட்ரோல் கார்களிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. மும்பையில் பத்மினி டாக்ஸிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. கற்றுக்கொள்ள வண்டி இல்லாமல் போனால் பையன்களும் வர மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, பழைய கார்களின் மதிப்போ ஏறியிருக்கிறது. 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு அளிக்கும் விதிகளை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. அன்றாட ஓட்டத்துக்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். எஸ்.யு. பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. பணமிருந்தால் பின், ஸ்பிரிங், ஜெட் எல்லாம் பார்சலில் வந்துவிடும். ஜெட் நட்டில் முட்டியதா, அரை மயிரிழை கீழே நின்றுவிட்டதா என்பதை விரலால் உணரும் பழக்கம் பார்சலில் வராது.

அனுபவசாலி மிஸ்திரிகள் சொல்லும் யோசனை ஒன்றுதான். கொல்கத்தாவில் வருஷத்தில் எட்டு, ஒன்பது மாதங்களுக்குச் சோக்கின் தேவை அதிகமில்லை. யாரும் குமிழைத் தொடுவதில்லை. அந்த மாதங்களில்தான் கேபிள் துருப்பிடித்து, நெம்புகோல் இறுகுகிறது. ஆகவே மே மாத வெயிலிலும் வாரம் ஒருமுறை, எஞ்சின் ஓடாதபோது, குமிழை வெளியே இழுத்து உள்ளே தள்ளுங்கள். கேபிளின் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சோக் இழுத்துத் தேய்வதைவிட, இழுக்காமல் இறுகுவதே அதிகம்.