மரியா என்னும் ஒரு சொல்

சைகோன் என்னும் பெயரைக் கேட்டறியாத பழைய குடும்பம் காரைக்காலில் அரிது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எழுத்தராகவும் காவலராகவும் படைவீரராகவும் நம் மக்கள் அங்கே சென்றனர். சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்தனர். 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த தமிழர் பலர் பிரான்சு சேர்ந்தனர். சிலர் ஊர் திரும்பினர். அத்தகைய பத்திரம் ஏதுமற்ற வியட்நாமியர் படகேறினர். 1995-க்குள் அவர்களுள் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அயல்நாட்டுக் கரைகளை அடைந்தனர். கரை காணாது கடலில் மாண்டவர் தொகையை ஆண்டவரே அறிவார்.

நாம் இளங்குருவாய்ப் பணியாற்றிய நாளில், 1975-இல் கணவரோடு வந்து சேர்ந்த வியட்நாமிய மூதாட்டி ஒருவர் நம் பங்கில் இருந்தார். தமிழ் நன்றாகவே பேசுவார்; செபமாலையை மட்டும் தம் தாய்மொழியில் முணுமுணுப்பார். “எல்லாரோடும் சேர்ந்து தமிழில் சொல்லலாமே அம்மா” என்று அறிவுறுத்தினோம். “சரி சாமி” என்றார். மறுநாள் முதல் அவர் வாய் திறக்கவில்லை. அதைக் கீழ்ப்படிதல் என்றெண்ணி மகிழ்ந்தோம்.

ஈராண்டு கழித்து, அவருக்கு நோயில்பூசுதல் அளிக்கச் சென்றோம். பிள்ளைகள் சூழ்ந்து நின்று தமிழில் செபித்தனர். அவர் இதழ்களோ பழைய மொழியிலேயே அசைந்தன. அதில் நமக்கு விளங்கியது மரியா என்னும் ஒரு சொல்லே.

வீட்டையும் நாட்டையும் இழந்தவர் உடன் கொண்டுவந்த ஒரே உடைமை அம்மொழி. அதையும் ஆலய வாசலில் இறக்கிவைக்கச் சொன்னோம். எகிப்துக்கு அகதியாய்ச் சென்ற அன்னை அங்கே எம்மொழியில் செபித்திருப்பார் என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.