காட்டு வெங்காயம்

விழா மலருக்கு யாதேனும் ஒரு கட்டுரை வரைந்து உதவுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று யாம் நெடுநேரம் மயங்கினோம். கல்லூரித் தாயின் புகழையும் அதிபர்மாரின் அருந்தொண்டினையும் எடுத்துரைக்கத் தக்க அறிஞர் பலர் உளர். எமக்கோ, கல்லூரி என்றவுடன் நெஞ்சில் எழுவது ஒரு வெங்காயம். உண்மையில் அது வெங்காயமே அன்று. அதனை வெங்காயமென்று சாதித்த எமது பேதைமையையும், அப்பேதைமை நீங்கிய வகையையும் இங்கே கூறுதும்.

எமது ஊர் ஒட்டுசுட்டான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவழியில், தான்தோன்றீசுவரர் கோயில் கொண்டருளும் பழம்பதி அது. குரக்கன் அறுத்தபின் எஞ்சிய ஒட்டினைச் சுட்ட கதையே ஊர்ப்பெயருக்குக் காரணமென்று முதியோர் கூறுவர். அயலிலே முத்தையன்கட்டுக் குளம், சூழவும் காடு. மாரியின் முதல் மழை விழுந்ததும், கோடையில் வெறுந்தரையாய்க் கிடந்த இடங்களிலெல்லாம் மண்ணைக் கீறிக்கொண்டு பச்சைத் தாள்கள் எழும். சிலவற்றில் தாளுக்கு முன்னரே பூவும் எழும். அவற்றின் அடியில் உருண்டை உருண்டையாய்க் கிடப்பன யாவற்றையும் எம் போன்ற சிறுவர் ‘காட்டு வெங்காயம்’ என்ற ஒரே பெயரால் அழைத்து வந்தோம்.

1963ஆம் ஆண்டுத் தீபாவளி விடுமுறைக்கு, விடுதியில் எம்மோடு ஓரறையில் உறைந்த நண்பர் ஒருவரை ஊருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். குளக்கட்டின் அருகே சோறு சமைத்து உண்பதென்று புறப்பட்ட நாம் அரிசி, தேங்காய், செத்தல் மிளகாய் யாவும் கொண்டுபோனோமாயினும் வெங்காயத்தை மறந்துவிட்டோம். அவ்வாண்டு தாவரவியலிற் குமிழைப் பற்றிப் படித்திருந்த இறுமாப்பு எமக்கு. வெண்ணிறப் பூவோடு நின்ற செடியொன்றைக் கத்தியால் அகழ்ந்து, குறுக்கே வெட்டி, “பாரும்! ஒன்றையொன்று மூடிய சதைச்செதில்கள், அடியில் தட்டுப்போன்ற தண்டு, அதன்கீழ் நார்வேர். இது வெங்காயமே!” என்று நண்பருக்குப் பாடம் நடத்தினோம். அவர் எம் கல்வியை நம்பினார். அதனை அரிந்து சம்பலிற் சேர்த்தோம். கைப்பாயிருக்கவே யாம் ஒரு வாயோடு நிறுத்தினோம். விருந்தோம்பலுக்கு இழுக்கு நேராவண்ணம் நண்பரோ முழுவதும் உண்டார்.

ஒரு நாழிகை கழியுமுன் அவருக்கு வாந்தி தொடங்கிற்று. வீட்டை அடையும்போது நிற்கவும் இயலாது சோர்ந்துவிட்டார். எம் பாட்டியார் வந்து, எம் மடியிலிருந்த எஞ்சிய துண்டை வாங்கி நசுக்கி, மூக்கருகே கொண்டுபோனார். “உரிக்கேக்கை கண் எரிஞ்சுதோ, மோனை?” என்று கேட்டார். இல்லையென்றோம். “கண் எரியாட்டி அது வெங்காயமோ? பள்ளிக்கூடத்திலை இதைச் சொல்லித்தரேல்லையோ?” என்றவர், அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லாது மாட்டுவண்டியைப் பூட்டச் செய்தார். வைத்தியசாலைக்குச் சென்ற அவ்வழியில், நண்பரின் தலையை மடியில் ஏந்தியிருந்த எமக்கு, அவர்தம் அன்னையாருக்கு யாது விடை பகர்வோம் என்பதன்றி வேறு நினைவில்லை. இறையருளால் இரண்டாம் நாள் அவர் தேறினார்.

விடுமுறை முடிந்ததும், அதே செடியொன்றைப் பூவோடும் இலையோடும் ஈரச்சாக்கிற் சுற்றி எம் தாவரவியல் ஆசிரியரிடம் கொண்டுசென்று, நடந்ததை ஒளியாது உரைத்தோம். அவர் சினந்தாரல்லர். “தம்பி, நீர் குமிழை மட்டும் பார்த்தீர். குமிழென்பது கோடையைக் கடக்கச் செடி கட்டிக்கொண்ட பத்தாயம். பத்தாயத்தைப் பார்த்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லலாமோ?” என்று கூறிப் பூவை நெடுக்காகப் பிளந்து காட்டினார். அன்று அவர் காட்டியவற்றைப் பின்னாளிற் கற்றவற்றோடு சேர்த்து ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, மணம். வெங்காயமும் உள்ளியும் அடங்கிய அல்லியம் சாதியில், இழையம் நசுங்கியவுடன் நொதியம் ஒன்று கந்தகச் சேர்வைகளைப் பிரித்து, நாம் அறிந்த அந்த நெடியை எழுப்பும். பாட்டியாரின் வினா இதுவே. ஆயின், முன்னரே வெங்காயம் தொட்ட கையால் நசுக்கினால், நஞ்சும் வெங்காயமாய் மணக்கும். ஆகவே மணத்தை மட்டும் நம்புதல் தகாது.

இரண்டாவது, பூக்கள் அமைந்த முறை. வெங்காயத்திற் பூக்காம்புகள் யாவும் தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து குடைபோல் விரியும். மொட்டுப் பருவத்தில் மெல்லிய மடல் அவற்றை மூடியிருக்கும். சித்த மருத்துவம் அறிந்த நரிவெங்காயத்திலோ, இலையற்ற நீண்ட தண்டின் நெடுகிலும் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமையும். அதன் குமிழில் இதயத்துடிப்பைத் தாக்கும் நஞ்சுண்டு. அதன் சாற்றிலுள்ள ஊசிப் பளிங்குகள் தோலில் அரிப்பை விளைக்கும்.

மூன்றாவது, சூலகம் இருக்கும் இடம். எம்மை ஏமாற்றிய செடி பங்கிராசியம் சாதியைச் சேர்ந்தது. அச்சாதியிலும் விடமூங்கிலிலும் மடல் உண்டு. பல இனங்களிற் பூக்கள் குடையாயும் அமையும். ஆயின் பூவிதழ்களுக்குக் கீழே, காம்பின் தலையிற் பச்சை முடிச்சாய்ச் சூலகம் அமைந்திருக்கும். வெங்காயத்திலோ அது இதழ்களுக்குள்ளே, மேலே வீற்றிருக்கும். பங்கிராசியத்திற் கேசரங்களின் அடிகள் ஒன்றாய் இணைந்து வெண்கிண்ணம் போலாகும். விடமூங்கிலில் அக்கிண்ணம் இல்லை. இலங்கையின் பெயரையே தாங்கிய பங்கிராசியம் செயிலானிக்கம் என்னும் இனத்துக்கு 1753ஆம் ஆண்டில் லின்னேயசு அப்பெயரை இட்டார். அது பெரும்பாலும் ஒரு தண்டில் ஒரு பூவே பூக்கும்.

நான்காவது, இலை. எம் தோட்டத்து வெங்காயத்தின் தாள் உள்ளே குழலாயிருக்கும். பங்கிராசியத்தின் இலையோ பட்டையாய்த் திண்ணிதாயிருக்கும். உள்ளியின் இலையும் பட்டையேயாதலின் இக்குறி தனித்து நில்லாது. நான்கும் ஒருங்கே பொருந்தினாலன்றிப் பெயர் சொல்லலாகாது என்பதே ஆசிரியரின் கட்டளை.

இங்கே ஒரு விந்தை கூறவேண்டும். யாம் கற்ற காலத்தில் வெங்காயத்தையும் நரிவெங்காயத்தையும் லில்லிக் குடும்பம் என்ற ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தனர். மரபணுவை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான வகையீடோ, நரிவெங்காயத்தைச் சாத்தாவாரியின் குடும்பத்திற் சேர்த்தது. வெங்காயத்தையோ, எம் நண்பரை வீழ்த்திய பங்கிராசியத்தின் குடும்பத்திலேயே கொண்டுபோய் வைத்தது! பெயரால் உறவானது பிறனாயிற்று. பகையென்று எண்ணியது சுற்றமாயிற்று. ஆயினும் சுற்றம் என்பதால் அது உணவாகிவிடாது.

உலகில் அல்லியம் சாதியில் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள் உள. அவை பெரும்பாலும் வடகோளத்துக் குளிர்நாடுகளுக்கும் மிதவெப்ப நாடுகளுக்கும் உரியன. எம் வன்னிக் காட்டில் அவற்றுள் ஒன்றேனும் தானாய் வளர்வதில்லை. ஆதலின் எம் காட்டில் ‘காட்டு வெங்காயம்’ எனப்படுவது எதுவும் வெங்காயமன்று. காட்டு உள்ளி உண்மையாகவே வளரும் ஐரோப்பாவிலும் இடர் இல்லாமலில்லை. ஆங்கு அதன் இலையோடு மயங்கிக் கொல்சிக்கம் என்னும் செடியின் இலையை உண்டு மாண்டோர் உளர். அச்செடியின் நஞ்சே எம் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் உள்ளது. கலப்பைபோற் கவைத்த அக்கிழங்கை வற்றாளையென்று மயங்கி உண்டு உயிர் துறந்தோர் இந்நாட்டில் உளர். பிழைத்தோர்க்கும் தலைமயிர் உதிர்வதுண்டு.

இவற்றை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாட்டியார் தலைமுறையினர் காட்டை மூக்காலும் விரலாலும் அறிந்தனர். போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்தபோது, வாய்வழி வந்த அவ்வறிவு பல வீடுகளில் அறுந்துபோயிற்று. 2009ஆம் ஆண்டுப் பேரழிவின்பின் ஊர் மீண்டோரின் பிள்ளைகள் காட்டோரத்திலே விளையாடுகின்றனர். எது எதுவென்று அவர்க்குச் சொல்ல ஆச்சிமார் சிலரே எஞ்சியுள்ளனர். மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டிமார் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பின்னர்ப் பூவைப் பிளந்து அதனைச் சரிபாருங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கற்றவனின் கதையை மேலே படித்தீர்கள்.

அந்நண்பர் இப்போது கடல்கடந்த நாடொன்றில் வாழ்கின்றார். ஆண்டுதோறும் தீபாவளிக்கு மடல் விடுப்பார், இறுதியில் “வெங்காயம் நலமா?” என்று தவறாது வினவியிருப்பார். அவ்வினாவுக்கு விடையாக இம்மலரின் ஒரு படியை அவருக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். எம் பிழையைப் பொறுத்து, பூவைப் பிளந்து காட்டிய ஆசிரியரை எமக்களித்த கல்லூரித் தாய் நீடு வாழ்க!